'அபாரிஜினல் லா', 'இண்டிஜினஸ் லா': தமிழில் இரண்டு சொல் வேணும்

ஸ்காபரோ, செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு பாடம் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேணும். பாடம் ஜோன் பரோஸ் பற்றியது. கனடாவின் பூர்வகுடிகளில் ஒன்றான அனிஷினாபே இனத்தவர், ஹியூரன் ஏரிக்கரையிலுள்ள நெயாஷீனிக்மிங் என்ற சமூகத்தைச் சேர்ந்தவர். விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பல வருடம் சட்டம் படிப்பித்தவர். 2017இல் கனடாவின் உயர்ந்த ஆய்வு விருதுகளில் ஒன்றான கில்லம் பரிசு பெற்றவர். 2018இல் அங்கே தொடங்கிய நாலு வருட இரட்டைச் சட்டப் பட்டத்துக்கு (கனடாச் சட்டமும் பூர்வகுடிகளின் சட்டமும் சேர்த்துப் படிப்பது) வழி அமைத்தவர்களில் ஒருவர்.

முதல் பக்கத்திலேயே நிற்கிறேன். 'அபாரிஜினல் லா' என்பது பூர்வகுடி மக்களைப் பற்றிக் கனடா அரசு வைத்திருக்கும் சட்டம்: 1876இன் 'இந்தியன் ஆக்ட்', 1982 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு, அவற்றின் மீதான தீர்ப்புகள். 'இண்டிஜினஸ் லா' என்பது அந்த மக்களுக்கே உரிய சட்டம், கனடா பிறப்பதற்கு முந்தியது. இரண்டுக்கும் 'பூர்வகுடிச் சட்டம்' என்று எழுதிவிட்டேன். வாசித்துப் பார்த்தால் "பூர்வகுடிச் சட்டம் வேறு, பூர்வகுடிச் சட்டம் வேறு" என்று நிற்கிறது. ஒரு மணித்தியாலமாக அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உதவுங்கள்.

கோவை, புதன் காலை

அம்மா, சிக்கல் தொகையில் இருக்கிறது. 'குடிச்சட்டம்' என்பதைக் குடியினது சட்டம் என்று விரித்தால் ஆறாம் வேற்றுமைத் தொகை. குடியைப் பற்றிய சட்டம் என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நீங்கள் தேடும் வேறுபாடு முழுவதும் தொக்கி மறைந்த அந்த உருபில்தான் உள்ளது. விரித்து எழுதுங்கள். 'பூர்வ' வடசொல், விடுங்கள். தொல்குடி என்க.

ஆனால் 'சட்டம்' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. கதவுச் சட்டம், படச் சட்டம், திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் எழுதித் தரும் மேல்வரிச் சட்டம். எல்லாம் வரம்பு கட்டுவது, அல்லது பார்த்து எழுதுவது. வாய்மொழியாய் வந்த ஒன்றுக்கு அது எப்படிப் பொருந்தும்? வள்ளுவர் "தேர்ந்துசெய் வஃதே முறை" என்றார். குடிமுறை என்று ஆளலாமே.

யாழ்ப்பாணம், புதன் மதியம்

தங்கச்சி, கையில் சொல் இருக்க ஏன் அலைவான்? தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டது, இன்றைக்கும் காணி வழக்கில் எங்கள் வாயில் வருகிற சொல். நாற்பது வருடம் நீதிமன்றத்தில் நின்றவன் சொல்கிறேன்: 'குடிவழமை' என்று போடுங்கள். எந்தத் தாய்க்கும் விளங்கும்.

சென்னை, புதன் மாலை

ஐயா, என் வயதுக்காரர்களுக்குத் தேசவழமை தெரியாது. குடிமுறை என்றால் திருமண முறை என்று நினைப்பார்கள். 'முதற்குடிகளின் சொந்தச் சட்டம்', 'முதற்குடிகள் பற்றிய கனடாச் சட்டம்' என்று எளிமையாகப் போடலாமே?

ஸ்காபரோ, புதன் நள்ளிரவு

எல்லாருக்கும் நன்றி. முதலில் சென்னைத் தம்பிக்கு: முதற்குடிகள் என்றால் இங்கே 'ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்' மட்டும்தான். 35ஆம் பிரிவு வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்களையும், ஐரோப்பியரும் பூர்வகுடியினரும் கலந்த வழிவந்த மெற்றி மக்களையும் சேர்த்தே சொல்கிறது. முதற்குடி என்றால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

வழமை அருமையான சொல், ஐயா. ஆனால் பரோஸ் சட்டத்துக்கு ஐந்து ஊற்றுகள் காட்டுகிறார்: புனிதமானவை, இயற்கையைக் கவனித்துப் பெற்றவை, கூடிப்பேசி முடிவெடுத்தவை, ஆணையாகப் பிறப்பித்தவை, வழக்கமாகப் படிந்தவை. வழமை இந்த ஐந்தில் ஒன்று மட்டும். அரசினுடையது சட்டம், இவர்களுடையது வழக்கம் என்ற ஏற்றத்தாழ்வைக் களையத்தான் அவர் இவ்வளவு எழுதினார். 'முறை'க்கும் இதையேதான் சொல்வேன். 'சட்டம்' என்ற சொல்லை இவர்களிடமிருந்து எடுத்தால் பிள்ளை என்ன நினைக்கும்? இவர்களிடம் சட்டம் இருக்கவில்லை என்றுதான்.

பாடத்தில் டெல்கமூக் என்ற காணி உரிமை வழக்கும் வருகிறது. கிட்சான் என்ற பூர்வகுடியின் மூதாட்டி ஒருவர் தம் குடும்பத்து அடாவ்க்கை, அதாவது வாய்மொழி வரலாற்றை, பாடிக் காட்ட எழும்புகிறார். அதுதான் அவர்களின் காணி உறுதி. தமக்குத் தகரக் காது (இசை விளங்காத காது), பாடிப் பயனில்லை என்கிறார் நீதிபதி. மூதாட்டி பாடுகிறார். 1991இல் அந்த மக்களுக்கு எதிராகத் தீர்ப்பு. 1997இல்தான் உச்ச நீதிமன்றம் வாய்மொழி வரலாற்றுக்கும் உரிய இடம் தரவேணும் என்று சொல்லி, புது விசாரணைக்கு அனுப்புகிறது. இந்த இடத்தை மொழிபெயர்க்கும்போது எனக்குக் கை ஓடவில்லை.

கோவை, வியாழன் காலை

அந்தப் பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்தபின் 'முறை'யைத் திரும்பப் பெறுகிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அனிஷினாபே மொழியில் அகினோமாகே என்றால் கற்பித்தல் என்றும், 'அகி' என்றால் நிலம் என்றும், நிலத்தைச் சுட்டி அதனிடம் திசை கேட்பதே கல்வி என்றும் பரோஸ் விளக்குவதாகப் படித்தேன். நம் 'அகழ்', 'அகலிடம்' எல்லாம் நினைவுக்கு வருகின்றன. அகலிடம் என்றால் நிலவுலகம்தானே?

சென்னை, வியாழன் காலை

ஐயா, ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு வராது. ஆனால் கருத்து நம் திணைக்கு மிக அருகில் இருக்கிறது. அவர் 2014இலிருந்து சட்ட மாணவர்களைத் தம் ஊருக்கே கூட்டிப்போய் நிலத்தில் வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார். அதைப் பாடத்தில் சேர்ப்பீர்களா அக்கா?

ஸ்காபரோ, வியாழன் இரவு

சேர்த்துவிட்டேன் தம்பி. இன்னொரு தலையிடி: 'இந்தியன் ஆக்ட்'. 'இந்தியர் சட்டம்' என்று எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். "இந்தியாவிலிருந்து வந்த ஆக்களுக்கோ பிள்ளை?" என்று கேட்டா. அதனால் 'இந்தியன் ஆக்ட்' என்றே ஒலிபெயர்த்து, கீழே விளக்கம் எழுதியிருக்கிறேன். 1876இல் வந்த வடிவத்தில், அந்த மக்களில் ஒருவர் வழக்கறிஞராகத் தகுதி பெற்றாலே 'இந்தியர்' என்ற சட்ட நிலையை இழந்துவிடுவார். 1927 முதல் 1951 வரை காணி உரிமை வழக்குக்கு அனுமதியில்லாமல் பணம் சேர்ப்பதே குற்றம். அந்த மண்ணில்தான் பரோஸ் சட்டப் பேராசிரியரானார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவேணும்.

முடிவாக 'தொல்குடியினரது சட்டம்', 'தொல்குடியினர் குறித்த கனடாச் சட்டம்' என்று அனுப்புகிறேன். மெற்றி மக்கள் விலங்கு உரோம வணிகக் காலத்தில் உருவானவர்கள், அவர்களுக்குத் 'தொல்' பொருந்துமா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

சென்னை, வெள்ளி காலை

சம்மதம்.

கோவை, வெள்ளி காலை

'அது' உருபை அஃறிணைக் கிழமைக்கே கொள்வது மரபு. இங்கே உடைமை சட்டம்தான், ஆதலால் 'தொல்குடியினரது' சரியே. சம்மதம்.

யாழ்ப்பாணம், வெள்ளி மதியம்

தங்கச்சி, அனுப்புங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் வழமை என்றால் சட்டத்துக்குக் கீழே என்பதை நான் ஏற்கமாட்டேன். என்னிடம் வந்த சனம் அதைச் சட்டம் என்றுதான் நம்பி வாழ்ந்தது. நீதிமன்றமும் அப்படித்தான் தீர்த்தது. தாழ்த்தியவர்கள் ஆங்கிலத்தில் தாழ்த்தினார்கள். அதற்காக எங்கள் சொல்லை ஏன் கைவிடவேணும்?

ஸ்காபரோ, வெள்ளி மாலை

அனுப்பிவிட்டேன். ஐயாவின் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அடுத்த பாடம் 1764, நயாகரா. வாம்பம் மணிப்பட்டைகளைக் கைமாற்றிச் செய்த 'ட்ரீட்டி'. ஒப்பந்தம் என்றால் வீட்டு வாடகைக்கும் அதே சொல். உடன்படிக்கையா? அடுத்த வியாழனுக்குள் சொல்லுங்கள்.