புதுப்பிப்பு: நெற்றியை அழுத்திய தலைக்கவசம்

புதிய தலைக்கவசம் நெற்றியை அழுத்துகிறது, காதுப் பக்கங்களிலோ தளர்ந்து நிற்கிறது, ஓர் அளவு பெரியதாக மாற்றலாமா என்று இரண்டு மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். அளவை விட்டுவிட்டு முதலில் தலையின் வடிவத்தைப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள், அதுவே உண்மை.

தையல் நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலாகவும் பின்தலையின் புடைத்த இடத்தின் மீதாகவும் சுற்றி அளந்தபோது 58 சென்ரிமீற்றர் வந்தது. அளவில் பிழையில்லை, என் தலை முன்பின்னாக நீண்டது, கவசத்தின் உட்புறமோ வட்டமானது. பெரிய அளவை எடுத்திருந்தால் நெற்றி வலி குறைந்திருக்கும், ஆனால் பக்கவாட்டில் இன்னும் ஆடி, விழும் வேளையில் கழன்று போகக்கூடியதாக இருந்திருக்கும்.

திருகோணமலை நகரில் நீள்வட்ட உட்புறம் கொண்ட ஒன்றைக் கண்டு, கடைக்காரரின் அனுமதியுடன் அரைமணி நேரம் அணிந்தபடியே அமர்ந்திருந்தேன். கழற்றியபோது நெற்றியில் சிவந்த தடம் இல்லை. கன்னங்களை இறுக்கிப் பிடித்திருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனெனில் கன்னத்து மெத்தை பழகப் பழகச் சற்று அமிழும். நாடிப் பட்டியைப் பூட்டிய பின் பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டிப் பார்த்தேன். அசைந்து கொடுத்ததே தவிர, கழலவில்லை.

அதையே வாங்கி அணிந்து நிலாவெளி வீதியில் ஆறு வாரங்களாக மோட்டார் சைக்கிள் ஓடுகிறேன், வலி திரும்பவில்லை. ஒருமுறையும் கீழே விழாத பழைய கவசத்தை, தலை வட்டமான என் தம்பி அணிந்து பார்த்து எடுத்துக்கொண்டான். அடுத்ததாக, பின்னால் அமரும் மகளின் தலையை அளக்க வேண்டும்.