பார்வையற்ற ஊழியருக்காக நடைமுறையை மாற்றுவது சலுகையா?

கேள்வி:
வணக்கம். சுமார் அறுபது பேர் பணிபுரியும் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவைக் கவனிக்கிறேன். அண்மையில் சேர்ந்த பார்வையற்ற தம்பி ஒருவர், விலைப்பட்டியல்களை ஸ்கேன் செய்த படங்களாக அல்லாமல் எழுத்துக் கோப்புகளாக அனுப்பும்படி கேட்டார். "எல்லோருக்கும் ஒரே நடைமுறைதான், ஒருவருக்காக மாற்றினால் மற்றவர்களுக்கு அநீதி" என்கிறது நிர்வாகம். இது சரிதானா?

பதில் 1:
சரியல்ல, ஐயா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்றாலே அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு மட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் 21ஆவது பிரிவின்படி தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் துணைக்கருவிகளும், மாற்றுத்திறனாளிகளின் தேவைகளைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் நியமனமும் அக்கொள்கையில் இடம்பெற வேண்டும் என 2017ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. உங்கள் நிறுவனத்தின் கொள்கையை எழுத்துமூலம் கேளுங்கள்.

பதில் 2:
நானும் என்விடிஏ என்னும், திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் இலவசத் திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவன். ஸ்கேன் செய்த பக்கத்தைத் திறந்தால் அது "படம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். தொகையும் தெரியாது, தேதியும் தெரியாது. மின்னஞ்சலில் வந்த கோப்பையே அச்சிட்டு, முத்திரை குத்தி, மீண்டும் ஸ்கேன் செய்யும் அலுவலகங்கள் உண்டு (ஏன் என்று கேட்டால் எவரிடமும் விடை இருக்காது). அந்த மூலக்கோப்பை அப்படியே அனுப்பினால் செலவே இல்லை.

பதில் 3:
கையால் எழுதிய ரசீதுகளுக்கு இது பொருந்தாது, நண்பரே. படத்தில் உள்ள எழுத்தைக் கோப்பாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளும் அவற்றில் எண்களைத் தவறாகப் படிக்கக்கூடும். அவற்றை மட்டும் வேறொருவர் உள்ளிட, சரிபார்ப்பை அந்தத் தம்பியிடம் விடலாம்.