எடை இறங்கும் முன்பே இடுப்பு இறங்கியது

மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன், வயது 48. காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பேன். ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 200-ஐத் தாண்டிவிட்டது, பிபி 140/90. எடை 78 கிலோ. டாக்டரம்மா உடனே மாத்திரை எழுதவில்லை. "மூணு மாசம் நடங்க, சோத்தைக் குறைங்க. முதல்ல நாலு கிலோ இறங்கினா போதும்" என்றார். இருக்கிற எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பிபி, சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எல்லாம் இறங்க ஆரம்பிக்கும் என்று விளக்கினார். அந்த நாலு கிலோதான் எனக்குத் தெம்பு கொடுத்தது.

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். பக்கத்து வீட்டு அக்காவோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட மூச்சு போதக்கூடாது: அதுதான் சரியான வேகம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கணக்கு. சாப்பாட்டில் தட்டில் பாதியைக் காயும் கீரையும் பிடித்துக்கொண்டன, சோறு ஒரு கரண்டியோடு சரி. பதினொரு மணி டீயோடு வடை கிடையாது. ஊறுகாயும் அப்பளமும் எப்போதாவதுதான், ஏனென்றால் நாள் முழுக்கச் சேர்த்தே உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டுமாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது டேப் பற்றி. எடை மெஷின் வாரக்கணக்கில் ஒரே எண்ணில் நிற்கும், அதைப் பார்த்துத்தான் பலர் நடையை விட்டுவிடுகிறார்கள். அந்த வாரங்களிலும் என் இடுப்பளவு குறைந்துகொண்டே வந்தது. விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்ட பிறகு பாருங்கள். புடவைக் கொசுவத்துக்கு மேல் வைத்து அளந்தால் தப்பாகத்தான் வரும். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதுதான் எல்லை. தொப்பைக்குள் இருக்கிற கொழுப்புதான் இதயத்துக்குப் பகை, அது மெஷினில் தனியாகத் தெரியாது. என் ரவிக்கைகளை நானே பிடித்துத் தைத்தபோது வந்த சந்தோஷம் தனி.

ஒரு வருடத்தில் 71 கிலோ. பிபி 128/82. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே பார்க்கிற நாடித்துடிப்பு 84-லிருந்து 72-க்கு வந்திருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பதில், கோவையிலிருந்து:

நல்லா எழுதியிருக்கீங்க அக்கா. எனக்கு இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள், ரேஸ் கோர்ஸில் நடக்கிறேன். மெட்டோபுரோலால் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு எப்போதும் குறைவாகத்தான் காட்டும், அதை வைத்து உடம்பு தேறிவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. எங்களுக்கும் நீங்கள் சொன்ன பேச்சுக் கணக்குதான் சரி. இன்னொன்று: நடக்கும்போது நெஞ்சில் பாரம் ஏற்றின மாதிரி இருந்து, நின்றதும் சரியானால், வாய்வு என்று சோடா குடித்துத் தள்ளிப்போடாதீர்கள். எனக்குத் தொடங்கியது அப்படித்தான். உடனே டாக்டரைப் பாருங்கள். நின்ற பிறகும் அந்த அழுத்தம் விடவில்லை, வியர்க்கிறது என்றால் நேராக 108-ஐக் கூப்பிடுங்கள்.

பதில், தஞ்சாவூரிலிருந்து:

நான் இன்சுலின் போடுகிறவன். எடை குறையக் குறைய பழைய அளவு மருந்தே அதிகமாகிவிட்டது. வெறும் வயிற்றில் நடந்தபோது ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கிப்போய், கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் அளவைக் குறைத்தார். இப்போது சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. கூட நடக்கிறவர்களிடமும் அது எந்தப் பையில் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.