"மட்டக்களப்பின் குரூஸ் அசுல்" என்று எங்களைக் கூப்பிடுகிறார்கள், இது யார்?

பேத்தாழை 10:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது வாழைச்சேனைப் பக்கம் ஒரு சின்னக் கழகம், பெயர் வேண்டாம். போன ஞாயிறு இன்னொரு இறுதிப்போட்டியில் தோற்றோம், இத்தோடு நாலு. 1-0 என்று முன்னுக்கு நிற்கிறோம், மத்தியஸ்தர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், அந்த நேரம் பார்த்து அவர்களுக்கு ஒரு கோர்னர், எங்கள் கோல் கீப்பர் பாய்ந்து காற்றைத்தான் பிடித்தான். பிறகு பெனல்டி. நான் அடித்தது கம்பத்துக்கு மேலால் போய் ஐஸ்கிரீம் வண்டியில் பட்டது, அதைப் பற்றி இங்கே கதைக்க விருப்பமில்லை.

வெளியே வரும்போது ஒருத்தர் "மட்டக்களப்பின் குரூஸ் அசுல் வருது, வழி விடுங்க" என்று கத்தினார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால் மெக்சிக்கோ கழகமாம், ஒன்பது முறை சம்பியனாம். ஒன்பது கப் எடுத்தவனைக் கொண்டுவந்து தோற்கிறவனுக்கு ஏன் உவமை சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடிக் காற்று:

தம்பி, அது உவமை இல்லை, அவர்கள் நாட்டில் அது ஒரு வினைச்சொல். குரூஸசுலெயார். கையில் இருக்கிற வெற்றியைக் கடைசி நிமிடத்தில் நழுவ விடுவது என்று அர்த்தம். 2022 உலகக் கோப்பை நேரம் நான் டோகாவில் ஹோட்டல் வேலை, மெக்சிக்கோக்காரர்கள் நிறையப் பேர் வந்து தங்கினார்கள், அதில் நீலச் சட்டை போட்ட ஒரு மனிதர்தான் இதைச் சொல்லித்தந்தார், அதுவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு. அன்றிலிருந்து எனக்கும் இந்தப் பைத்தியம்.

நீ சொன்ன கதை அப்படியே 2013 மே 26. எதிரணி கிளப் அமெரிக்கா, நாடு இல்லை, மெக்சிக்கோ நகரத்துப் பணக்காரக் கழகம். அங்கே இறுதி என்றால் இரண்டு ஆட்டம், கோல்களைக் கூட்டித்தான் முடிவு. முதல் ஆட்டத்தில் குரூஸ் அசுல் 1-0 என்று வென்றது. இரண்டாவது ஆட்டம் அஸ்டெக்கா மைதானத்தில், கொட்டுகிற மழை, 14ஆவது நிமிடத்திலேயே அமெரிக்கா பக்கம் ஒருத்தருக்குச் சிவப்பு அட்டை, கொஞ்ச நேரத்தில் தெயோ குத்தியெரஸ் ஒரு கோல். இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் 2-0, எதிரில் பத்துப் பேர். 89ஆவது நிமிடத்தில் அமெரிக்காவின் மொஸ்கேரா தலையால் ஒன்று போட்டார். சரி, ஒன்றுதானே என்று இருக்கும்போது 90 நிமிடம் தாண்டிக் கூட்டிக் கொடுத்த நேரத்தில் ஒரு கோர்னர், அமெரிக்காவின் கோல் கீப்பர் மொய்செஸ் முனியோஸ் தன் கோலை விட்டு ஓடிவந்து பாய்ந்து தலையால் அடிக்கிறார், பந்து குரூஸ் அசுல் வீரர் காஸ்ட்ரோவில் பட்டுத் திசை மாறி உள்ளே போகிறது. பெனல்டிக்குப் போனது. அதே காஸ்ட்ரோ அடிக்க வந்து ஈரப் புல்லில் வழுக்கினார். 4-2 தோல்வி. அந்தக் காணொளியைப் பார், உன் ஐஸ்கிரீம் வண்டி ஒன்றுமே இல்லை.

1997க்குப் பிறகு 2018 வரைக்கும் ஆறு லீக் இறுதிப்போட்டி தோற்றிருக்கிறார்கள், பச்சூக்கா, சாந்தோஸ், தொலூக்கா, மொன்தெர்ரே, பிறகு அமெரிக்காவிடமே இரண்டு முறை. இடையில் 2001இல் தென்னமெரிக்கக் கழகங்களின் லிபர்ட்டடோரஸ் கோப்பை இறுதிக்கே போய், ஆர்ஜென்டினாவின் போக்கா ஜூனியர்ஸ் அணியை அவர்களுடைய மைதானத்தில் 1-0 என்று வென்று, பெனல்டியில் கோட்டை விட்டார்கள்.

சாய்ந்தமருது லெஃப்ட் விங்:

2020 டிசம்பரை விட்டுட்டீங்களே நானா. லீக் அரையிறுதி முதல் ஆட்டத்தில் பூமாஸ் கழகத்தை 4-0 என்று வென்றார்கள். மூன்று நாள் கழித்து மற்ற ஆட்டத்தில் 0-4. கூட்டினால் சமன், ஆனால் லீக் அட்டவணையில் பூமாஸ் மேலே இருந்ததால் அவர்கள் உள்ளே, இவர்கள் வீட்டுக்கு. நாலு கோல் முன்னுக்கு நின்று வெளியே போவதற்குத் தனித் திறமை வேண்டும்.

பழைய சப்பாத்து:

பகிடி இருக்கட்டும், ஆனால் நீங்கள் இரண்டு பேரும் கதையைப் பாதியில் இருந்து சொல்கிறீர்கள். வாழைச்சேனைப் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியது அது எப்படி வந்த கழகம் என்பது.

அது சீமெந்து ஆலைக் கழகம். குரூஸ் அசுல் என்றால் நீலச் சிலுவை, சீமெந்தின் பெயர் அது. மெக்சிக்கோ நகரத்துக்கு வடக்கே இடால்கோ மாநிலத்தில் ஹாசோ என்று ஒரு ஊர், அங்கே ஆலைத் தொழிலாளர்கள் 1927 மே 22இல் தொடங்கினார்கள். நாலு வருடத்தில் ஆலைக்கே ஆபத்து. போட்டிக் கம்பனி ஆலையை வாங்கி மூடப் பார்த்தது, தொழிலாளர்கள் விடாமல் நின்று 1931இல் ஆலையைத் தங்கள் கைக்கு எடுத்தார்கள், பிறகு அது கூட்டுறவு ஆனது. நமக்குக் கூட்டுறவு என்றால் சங்கக்கடை அரிசியும் மண்ணெண்ணெயும்தான் ஞாபகம் வரும். அவர்கள் அதில் ஒரு ஊரையே கட்டினார்கள், பள்ளிக்கூடம், வைத்தியசாலை, மைதானம் எல்லாம். ஊரின் பெயரே இப்போது கூட்டுறவு நகரம்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம்முடைய கடதாசி ஆலை ஞாபகம்தான். அறுவடை முடிந்தால் வைக்கோல் ஏற்றிய லொறிகள் வரிசையில் நிற்கும், ஒரு லொறிக்குப் பின்னால் ஓடி வைக்கோலை இழுத்து உருட்டிப் பந்து கட்டியிருக்கிறோம், மழை பட்டால் கல்லு மாதிரி ஆகிவிடும். பின்னேரம் வேலை முடிந்து ஆலை ஆட்கள் காற்சட்டையை மடித்துவிட்டு இறங்குவார்கள், அவர்களுக்குப் பந்து பொறுக்கிக் கொடுப்பதற்கே நாங்கள் சண்டை பிடிப்போம்.

சரி, ஹாசோவுக்கு வருவோம். 1964இல் முதல் பிரிவுக்கு ஏறினார்கள், ஐந்தாவது பருவத்திலேயே, 1968-69இல், சம்பியன். எழுபதுகளில் அவர்களைப் பிடிக்க ஆளில்லை, 1970இலிருந்து 1980 வரைக்கும் ஆறு லீக் கோப்பை. "லா மாக்கினா", இயந்திரம் என்ற பட்டம் சும்மா வரவில்லை. 1971இல் ஹாசோவை விட்டுத் தலைநகரத்துக்கு மாறினார்கள், அடுத்த வருடமே இறுதிப்போட்டியில் இதே அமெரிக்கா கழகத்தை 4-1 என்று உதைத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வினைச்சொல்லைச் சொல்லியிருந்தால் வேறு அர்த்தம் வந்திருக்கும். என்னைக் கேட்டால் இறுதிப்போட்டிக்கே வராத கழகத்துக்கு இந்தப் பட்டம் கிடைக்காது.

பேத்தாழை 10:

ஐயா, வைக்கோல் லொறி கதையை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், "யாரது, ஆளைத் தெரியும் போல இருக்கு" என்கிறார். அந்த 1997இல் என்ன நடந்தது? எல்லாரும் அதிலிருந்துதானே கணக்கு வைக்கிறார்கள்.

கல்லடிக் காற்று:

டிசம்பர் 7, லியோன் ஊரில் இறுதிப்போட்டி. கூட்டுக் கணக்கில் சமன், மேலதிக நேரம், அப்போது முதல் கோல் போட்டால் ஆட்டம் முடிந்தது என்ற விதி. பெட்டிக்குள் லியோன் கோல் கீப்பர் கொமிஸ்ஸோவின் கால் குரூஸ் அசுல் வீரர் எர்மோசியோவின் முகத்தில் பட்டது, மத்தியஸ்தர் பெனல்டி கொடுத்தார். மூஞ்சியெல்லாம் இரத்தம், சட்டையெல்லாம் இரத்தம், துடைத்துவிட்டு அவரே அடித்தார். கோல். எட்டாவது கோப்பை. அதற்குப் பிறகு 23 வருடம் லீக் கோப்பை ஒன்றுமில்லை. ஆனால் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள், அந்த வறட்சிக்குள்ளேயும் 2014இல் கொன்ககாஃப், அதாவது வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கழகங்களுக்கிடையிலான போட்டியில் சம்பியன்.

ஒன்பதாவது வந்தது 2021 மே 30, சாந்தோஸோடு. இங்கே திங்கள் காலை, கொரோனாப் பயணத்தடை, தெருவில் நாய் மட்டும்தான் நின்றது. முதல் ஆட்டம் 1-0 வென்றிருந்தார்கள். இரண்டாவதில் சாந்தோஸ் முதலில் ஒரு கோல் போட்டதும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிளேன்டீ போடப் போனேன், திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் ஹொனத்தான் ரொட்ரிகஸ் சமன் செய்தார். கூட்டினால் 2-1. பயிற்றுநர் பெரு நாட்டு ஹுவான் ரெய்னோசோ, 1997இல் அந்த இரத்தச் சட்டை நாளில் பின்களத்தில் ஆடியவர் அதே ஆள்தான்.

சாய்ந்தமருது லெஃப்ட் விங்:

பிறகு 2024 மே 26இல் மறுபடியும் அமெரிக்காவிடம் இறுதியில் தோல்வி. 2013இன் அதே திகதி. போய்ப் பாருங்கள்.

கல்லடிக் காற்று:

2025 ஜூனில் கனடாவின் வான்கூவர் கழகத்தை 5-0 அடித்து ஏழாவது தடவை கொன்ககாஃப் கோப்பை எடுத்ததை மட்டும் சொல்ல மாட்டாய்.

பேத்தாழை 10:

எல்லாருக்கும் நன்றி. அடுத்த முறை கத்துகிறவருக்கு 4-1 கதையைச் சொல்கிறேன். இப்போது நானும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன், ஆட்டம் எத்தனை மணிக்கு வரும்?

கல்லடிக் காற்று:

அங்கே ஞாயிறு இரவு ஏழு மணி என்றால் நமக்குத் திங்கள் காலை ஆறரை.

பேத்தாழை 10:

அப்ப சிக்கல். ஏழே காலுக்கு மகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், கடைசிப் பகுதி பார்க்க முடியாது.

பழைய சப்பாத்து:

இவர்களுடைய ஆட்டத்துக்கு அதுதான் நல்லது தம்பி.