வெள்ளவத்தைக் கடற்கரை மஞ்சள் பூ: சுதேசமா, வந்தேறியா?

வெள்ளவத்தை அம்மா:

வணக்கம். மகள் தரம் 8. வீட்டுக்கு அருகில் வளரும் சூரியகாந்திக் குடும்பத்துச் சுதேசத் தாவரங்கள் ஐந்தை ஒட்டிக்கொண்டு வரச் சொல்லி ஒப்படை கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை மரீன் டிரைவில் இறங்கி, தண்டவாளத்துக்கு அப்பால் கருங்கல் கிடக்கிற இடம் வரை நடந்து படமெடுத்தோம். மஞ்சளாக எதைக் காட்டினாலும் போன் செயலி "வெடேலியா" என்றது. அப்படியே எழுதிக் கொடுத்தோம். டீச்சர் மூன்று இடத்தில் சிவப்புப் பேனையால் "சுதேசம் அல்ல" என்று எழுதித் திருப்பிவிட்டார். பிள்ளை அழுகை.

எங்களிடம் இருப்பவை இவை. ஒன்று, எங்கள் ஃபிளாட் மதிலடியில் பாய் விரித்த மாதிரிப் படர்ந்தது, பளபளத்த இலை. இரண்டு, கடல் பக்கத்துக் கல்லுக்குள் இடுப்பளவு உயரத்தில் சாய்ந்து கிடப்பது. இலையைத் தடவினால் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரக்கிறது. மூன்று, வீதியோரத்தில் ஊதா நிறத்தில் குட்டித் தூரிகை போல. நான்கு, நீளக் காம்பில் வெளிறிய மஞ்சள் பூ. இதை எங்கள் அப்பம்மா மூக்குத்திப் பூண்டு என்பார், முழங்கால் உரசினால் கசக்கி வைத்துக் கட்டுவார். அப்பம்மா பாவித்த செடி எப்படி வெளிநாட்டுச் செடியாகும்?

காலி வீதிக்காரன்:

அக்கா, கரை முழுக்க வெடேலியாதான். மஞ்சள் பூவை விட்டுவிட்டு வேறு ஏதாவது பாருங்கள்.

ஓய்வுபெற்ற சேர்:

தம்பி சொல்வதை நான் ஏற்க மாட்டேன். தங்கச்சி, உங்கள் இரண்டாவது செடிதான் அசல் சரக்கு.

இன்று வெடேலியா என்று பொதுவாகச் சொல்வது உங்கள் மதிலடிச் செடியைத்தான். அதன் இலையைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று மடல் தெரியும், கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும், ஒரு காம்பில் ஒரு பூதான். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலிலும் இருக்கிறது. கல்லுக்குள் சாய்ந்து கிடப்பதன் இலை முட்டை வடிவம், நுனி கூர், விளிம்பில் பல், அடியிலிருந்து மூன்று நரம்பு. கிளை நுனியில் பூக்கள் இரண்டு மூன்றாக நிற்கும். அதனால்தான் பெயரே வொல்லஸ்டோனியா பைஃபுளோரா, இருபூக்காரி. பழைய புத்தகங்களில் இதையும் வெடேலியா என்றே எழுதினார்கள், ஆகவே செயலியை மட்டும் திட்ட வேண்டாம். இந்து சமுத்திரக் கரைகளின் சொந்தச் செடி அது.

ஊதாத் தூரிகையும் சுதேசம்தான். சீதேவியார் செங்கழுநீர் என்பார்கள், சிங்களத்தில் மொணரக்குடும்பிய, மயில் கொண்டை. மகளிடம் ஒரு பூவைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் கூட்டுக் குடித்தனம். ஒவ்வொரு ஊதா நூலும் தனித்தனிப் பூ. இதில் எல்லாமே குழாய்ப் பூக்கள், ஓரத்தில் இதழ் மாதிரிப் பூ கிடையாது. மஞ்சள் செடிகளில் ஓரத்து "இதழ்" ஒவ்வொன்றும்கூட ஒரு முழுப் பூ.

அப்பம்மாவின் மூக்குத்திப் பூண்டு மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்தது. ஓரத்துப் பூ ஐந்தாறுதான், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று வெட்டு. மிளகாயும் அங்கிருந்து வந்ததுதானே, அதற்காக நாங்கள் சம்பல் இடிக்காமல் இருந்தோமா? அப்பம்மா பாவித்தது பொய்யில்லை. ஒப்படைக்கு மட்டும் ஆகாது.

இன்னும் வேண்டுமென்றால் யானைச்சுவடி தேடுங்கள். இலை தரையோடு ஒட்டிக் கிடக்கும், பூக்கொத்துக்குக் கீழே இலை மாதிரி மூன்று செதில். முயற்செவியும் புல்வெளிகளில் அகப்படும். கொழும்பை விட்டு வெளியே போனால் புப்புல என்று ஒரு சிறு புதர் உண்டு. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதது, அதைக் கண்டால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.

ஒரு சங்கதி. 1670களில் இங்கே ஒல்லாந்தக் கம்பனி வைத்தியராக இருந்த போல் ஹெர்மன் செடிகளைக் காயவைத்துக் கொண்டுபோனார். அவற்றை வைத்துத்தான் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பட்டியல் போட்டார். அவரிடம் செயலி இருக்கவில்லை.

தெஹிவளை ரசிகை:

சேர் சொன்னது சரி. ஒன்று மட்டும் கவனம் அக்கா: கரட் இலை மாதிரிப் பிளந்த இலையும் பொடி வெள்ளைப் பூவுமாக ஏதாவது கண்டால் பிள்ளையைத் தொட விடாதீர்கள். பாதீனியம், சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

வெள்ளவத்தை அம்மா:

சேர், மிக்க நன்றி. பின்னேரம் மறுபடி போனோம். கல்லுக்குள் இருந்ததில் ஒரு நுனியில் இரண்டு பூ, இன்னொன்றில் மூன்று. மகள் குண்டூசியால் ஊதாப் பூவைப் பிரித்து இருபதுக்கு மேல் எண்ணிவிட்டு, கண் வலிக்கிறது என்று விட்டுவிட்டாள். யானைச்சுவடி கிடைக்கவில்லை, நாளை விகாரமகாதேவிப் பூங்காவில் பார்க்கப் போகிறோம். பல்கனித் தொட்டியிலும் மூன்று மடல்காரிதான் என்று இப்போதுதான் தெரிகிறது. பிடுங்கலாம் என்றால் இவர் விடுகிறாரில்லை.