சென்னை ஏ.டபிள்யூ.வா, ஏ.எஸ்.ஸா? புவியியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மகளின் எட்டாம் வகுப்பு சார்ட்டுக்காக கோப்பென் முறைப்படி (வெப்பம், மழை அளவுகளை வைத்து காலநிலையை ஏ.டபிள்யூ., ஏ.எஸ். போன்ற குறியீடுகளாகப் பிரிக்கும் முறை) ஊர்களுக்கு வண்ணம் தீட்டுகிறோம். சகாரா, சைபீரியா எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது நம்ம சென்னையில். இரண்டு முறை அழித்து எழுதியதில் அந்த இடத்தில் தாளே நைந்துவிட்டது.

அட்லஸில் ஏ.டபிள்யூ., அதாவது குளிர்காலம் வறண்ட சவானா. இணைய வரைபடத்தில் ஏ.எஸ்., கோடை வறண்டது. சரி, நாமே கணக்குப் போடுவோம் என்று 30 ஆண்டு மாதச் சராசரிகளை எக்செல்லில் போட்டேன். ஜனவரிகூட 18 டிகிரிக்கு மேல், அதனால் வெப்பமண்டலம்தான். ஆண்டு மழை சுமார் 1400 மி.மீ., எனவே வறண்ட வகையிலும் சேராது. மிக வறண்ட மாதத்தில் 10 மி.மீ.கூட இல்லை, ஆகவே ஏ.எம். எனும் வெப்பமண்டலப் பருவமழை வகையும் இல்லை.

குழப்பம் இதற்கப்புறம்தான். வடகிழக்குப் பருவமழையால் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர் அரையாண்டில்தான் மழை அதிகம். ஆனால் மிக வறண்ட பிப்ரவரி, மார்ச் மாதங்களும் அதே பாதியில்தான் வருகின்றன! திங்கட்கிழமை சார்ட்டைக் கொடுக்க வேண்டும்.

ஏ.டபிள்யூ., ஏ.எஸ். பிரிக்கும்போது பார்க்க வேண்டியது மிக வறண்ட மாதம் எந்தப் பாதியில் வருகிறது என்பதையா, எந்தப் பாதியின் மொத்த மழை குறைவு என்பதையா?