சங்குப்பூக் கொடியில மொட்டே வரல

மீனா: சங்குப்பூ பந்தல் முழுக்கப் படர்ந்துடுச்சு. இலை கரும்பச்சையா இருக்கு, மொட்டு ஒண்ணும் இல்ல. விதை போட்டு மூணு மாசம் ஆகுது. என்ன குறை?

செல்வி அத்தை: குறை இல்லம்மா, கூடிப்போச்சு. என்ன உரம் போடற?

மீனா: பத்து நாளுக்கு ஒருதரம் யூரியாத் தண்ணி அத்தை.

செல்வி அத்தை: இன்னையோட நிறுத்து.

மூர்த்தி சித்தப்பா: இது அவரை, உளுந்து குடும்பம் மீனா. வேர் முடிச்சுல இருக்கற ரைசோபியம் பாக்டீரியாவே காத்துலேந்து நைட்ரஜனை எடுத்துக் குடுக்கும். மேல யூரியாவும் ஊத்தினா முடிச்சு குறையும், கொடி இலையாத் தள்ளும். முடிச்சை நசுக்கிப் பாரு, உள்ள இளஞ்சிவப்பா இருந்தா நல்லா வேலை செய்யுது.

செல்வி அத்தை: தம்பி சொல்றது சரி. வெயில் எவ்வளவு நேரம் விழுது?

மீனா: காலையிலேந்து ரெண்டு மணி வரை.

செல்வி அத்தை: போதும். ஆறு மணி நேரத்துக்குக் குறைஞ்சாத்தான் பூ குறையும். இப்ப கொடியில மூணுல ஒரு பங்கை வெட்டிவிடு. புதுத் தளிரோட இலைக்கக்கத்துலதான் மொட்டு வரும், பழைய தண்டை நம்பாத.

கவிதா அக்கா: பூக்க ஆரம்பிச்சதும் பிஞ்சுக் காயை விட்டு வைக்காத மீனா. காய் பிடிச்சா சத்தெல்லாம் விதைக்குப் போயிடும். விதைக்கு நாலஞ்சு காய் போதும், பழுப்பானதும் பறிச்சுடு. விட்டா வெடிச்சுத் தெறிச்சுடும்.

தீபா: எனக்கு விதையே முளைக்கல அத்தை, ரெண்டு தரம் போட்டாச்சு.

செல்வி அத்தை: தோல் கெட்டி, தண்ணி உள்ள போகாது. விதைக் கண்ணுக்கு எதிர்ப்பக்கம் உப்புத்தாள்ல நாலு இழுப்பு தேய். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணில போடு. காலையில உப்பினதை மட்டும் அரை அங்குல ஆழத்துல ஊனு. உப்பாததை மறுபடி தேய். ஒண்ணு ரெண்டு வாரத்துல முளைக்கும். ஆணிவேர் செடி, பிடுங்கி நட்டா சுணங்கிடும், வளர்ற இடத்துலயே போட்டுடு.

மூர்த்தி சித்தப்பா: தொட்டின்னா அடியில தண்ணி தேங்கக்கூடாது. வேர் அழுகினாலும் இலை மஞ்சளாத்தான் ஆகும். தண்ணி பத்தலன்னு நினைச்சு இன்னும் ஊத்திடாதீங்க, மண்ணை ரெண்டு அங்குலம் தோண்டித் தொட்டுப் பாருங்க.

தீபா: இலை மேல வெளிறின புள்ளி, அடியில வலை மாதிரி இருந்தா?

செல்வி அத்தை: செஞ்சிலந்திப் பேன். இலை அடியில தண்ணிய வேகமா பீச்சு. அப்புறம் ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளி. உச்சி வெயில்ல தெளிச்சா இலை கருகும்.

கவிதா அக்கா: டீக்குப் பறிக்கறதுன்னா மருந்து தெளிச்ச கொடி வேண்டாம். எட்டுப் பத்துப் பூ, பச்சைக் காம்பை எடுத்துட்டு, 200 மில்லி வெந்நீர்ல அஞ்சு நிமிஷம். எலுமிச்சை பிழிஞ்சா நீலம் ஊதாவாகும், பூவுல இருக்கற ஆந்தோசயனின்ங்கற நிறமி புளிப்புக்கு நிறம் மாறும். காய வைக்கறது நிழல்லதான், வெயில்ல நிறம் வெளுத்துடும்.

மீனா: வெள்ளைப் பூவுல?

கவிதா அக்கா: அதுல நீலச் சாயம் வராது. பழைய பாட்டுலயே நீலத்துக்குக் கருவிளை, வெள்ளைக்குச் செருவிளைன்னு தனித்தனிப் பேர் உண்டு, எவ்வளவு அழகு!

செல்வி அத்தை: பூ மட்டும்தான், ஞாபகம் இருக்கட்டும். விதையும் வேரும் பேதியாக்கும், பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. மாசமா இருக்கறவங்க பூ டீயும் குடிக்க வேண்டாம்.

மீனா: சரி அத்தை, கத்தரிக்கோல் எடுத்துட்டேன்.